இருளாயி போட்ட முடிச்சு

ஈப்போ ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த பெண்கள் வார்டில் பதினேழாம் நம்பர் கட்டிலுக்கு ஒரு கிழவி வந்து சேர்ந்தார். வந்த அன்றே போர்வையின் ஓரத்தைப் பிரித்து, நூலை உருவி, கட்டில் கம்பியில் முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். ஒரு முடிச்சு போட்டதும் அதை இழுத்துப் பார்ப்பார். பக்கத்தில் யார் நின்றாலும் கையைப் பிடித்து, "இழுத்துப் பாரு தாயி, இறுக்கமா இருக்கா?" என்று கேட்பார். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்ததால் யாரிடம் கேட்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

போர்வை பாழானால் நர்ஸ் மிஸ்ஸியிடம் திட்டு வாங்குவது அட்டெண்டனாக இருந்த நான்தான். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். ஐம்பத்து மூன்று வயதாகியும் அடங்கவில்லை. "என்னா ஆயா இது, ஒரே நாள்ல ரெண்டு போர்வையக் கிழிச்சுட்டீங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டே தலைமாட்டில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இருளாயி. சுண்ணாம்புமலைத் தோட்டம், சிம்பாங் பூலாய்.

அதற்குப் பிறகு நான் சத்தம் போடவில்லை. இரண்டு நாள் அந்தக் கட்டில் பக்கம் போகும்போதெல்லாம் வாயைத் திறக்காமலே வேலையை முடித்தேன். குரலை வைத்து அடையாளம் கண்டுவிடுவாரோ என்று பயம். மூன்றாம் நாள் டாக்டர் மிஸ்ஸியிடம், பத்து நாள் தாங்கினால் அதிகம் என்று சொல்வதைக் கேட்டேன். அன்று மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது கிழவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மக பாப்பா வந்துட்டாளா?"

"இன்னும் வரல."

"வருவாளா?"

நான் கரண்டியை அவர் வாயில் வைத்தேன். அவர் விழுங்கிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். பாப்பா எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஏன் வரமாட்டாள் என்பதும் தெரியும். அந்த இரண்டாவதைச் சரியாகத் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். அது 1979ஆம் வருஷம். அதுவரை முப்பத்தாறு வருஷம் அதை வெளியே விடாமல் வைத்திருந்தேன்.

பாப்பாவும் நானும் ஒரே வருஷம், தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் பிறந்தவர்கள். நடுவில் நாலு வீடு. மலாயாவை வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் அடுத்தடுத்த நிரை. அவளுக்கு மரத்தில் கை ஓடாத நாளில் அவள் மரத்தையும் நானே வெட்டிக் கொடுப்பேன். என் வீட்டில் அரைத்த மிளகாய்ச் சம்பாலை அவள் வீட்டிலும், நான் சின்னம்மா என்று கூப்பிடும் அவள் அம்மா இருளாயி சுட்ட மரவள்ளி அடையை என் வீட்டிலும் கேட்காமலே எடுத்துத் தின்போம்.

அவள் அழகி. அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கண் பெரிசு, மூக்கு எடுப்பு என்று தனித்தனியாகப் பார்த்தால் எங்கள் லயத்திலேயே இன்னும் நாலு பேருக்கு அதெல்லாம் இருந்தது. ஆனால் அவள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் பால் நிறுக்கும் ஸ்டோரில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டுவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரியாத அப்பாவி என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் அப்பா ஸ்டானிஸ்லாஸ் தோட்டத்து மாதா கோவிலுக்கு உபதேசியார். சாமியார் ஈப்போவிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் வைப்பது அப்பாதான். ஜப்பான்காரன் சண்டை வருவதற்கு முந்தின வருஷம் கிறிஸ்துமஸுக்கு அப்பா ஒரு குடில் நாடகம் போட்டார். மாதாவாக நான்தான் நிற்பேன் என்று நினைத்து நீலச் சேலைக்கு என் கையாலேயே சாயம் போட்டு வைத்திருந்தேன். கடைசி வாரம் அப்பா பாப்பாவைக் கூட்டிவந்து அந்தச் சேலையை அவளுக்குக் கட்டிப் பார்க்கச் சொன்னார்.

"அவ நம்ம வேதம் இல்லையேப்பா" என்றேன்.

"மொகத்தப் பாரு. அப்படியே மாதா. அது போதும்" என்றார்.

நான் இடையன் வேஷத்தில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஆடு நாடகம் முழுக்கக் கத்தியது. ஜனங்கள் சிரித்தார்கள். பாப்பா மட்டும் குனிந்த தலை நிமிராமல், பொம்மைக் குழந்தையைத் தொடையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். தப்பான பார்வை இல்லை. ஆனால் என்னை அவர் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ரப்பர் வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவில் மரவள்ளி நட்டு அதையே மூன்று வேளையும் தின்றோம். ஆண்களில் பாதிப் பேரை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாப்பாவின் அப்பா அப்படிப் போனவர்தான், திரும்பவே இல்லை. அதற்கடுத்து பெண்களைத் தேடி ஈப்போவிலிருந்து லாரி வர ஆரம்பித்தது.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், கட்டிய வீட்டுக்குள் வெளியாள் நுழையமாட்டான். இது நமக்குத் தெரிந்த வழக்கம்தான். ஜப்பான்காரனுக்கும் அம்மை என்றால் குலை நடுங்கும் என்று எப்படியோ தெரிந்துபோயிற்று. மாரியம்மன் கோவில் வேப்பமரத்தை ஒடித்து, வயசுப் பெண் இருந்த வீடுகளில் எல்லாம் கொத்துக் கொத்தாகக் கட்டினார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி இராமசாமி அந்த இலைக்கு என்ன அர்த்தம் என்று சிப்பாய்களுக்குச் சைகையால் சொல்லிவைத்தார். அவர்களும் எட்ட நின்று பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் கட்டவில்லை. "இல்லாத அம்மைய இருக்குன்னு சொல்றது பொய்ச்சாட்சி. நம்ம வாசல்ல சிலுவ இருக்கு" என்றார் அப்பா. மாதாவாக நிற்க வைக்கும்போது குறுக்கே வராத வேதம் இப்போது மட்டும் குறுக்கே வந்தது. என் அம்மா அழுது பார்த்தாள். அப்பா அசையவில்லை.

பைப்படியில் வீரம்மா அக்கா சொன்னதுதான் எனக்குத் தைத்தது. "உபதேசியாருக்கு என்னா பயம்லா? அவரு மக மொகமே வேப்பிலதான். பார்த்தா ஜப்பான்காரன் ஓடிருவான்." எல்லாரும் சிரித்தார்கள். பசியில் காய்ந்து கிடந்த காலம், சிரிக்க ஏதாவது கிடைத்தால் விடமாட்டார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன்.

போகப் போக அந்த இலையே ஒரு பெருமையாகிவிட்டது. எந்த வீட்டில் கொத்து பெரிசோ அந்த வீட்டுப் பெண்தான் அழகி. இருளாயி வீட்டு வாசலில் தொங்கியதுதான் இருப்பதிலேயே பெரிசு. மற்றவர்கள் வாடிய பிறகு மாற்றுவார்கள், அவர் தினமும் மாற்றினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உயிருக்குப் பயந்து கட்டிய அந்த இலையின் மேல் எனக்குப் பொறாமை. எனக்கு மட்டுமா? "இவ ஒருத்திக்காகத்தான் லாரி நம்ம தோட்டத்தையே சுத்துது" என்று பெண்கள் பாப்பாவின் காதுபடவே பேசினார்கள். அவள் முகத்தில் கரியை அப்பிக்கொண்டு, தலைமுடியைக் கன்னாபின்னாவென்று வெட்டிக்கொண்டு, வெளியே வருவதையே விட்டுவிட்டாள்.

1943இல் ஒரு புதன்கிழமை நடுப்பகலில் லாரி வந்தது. அன்று இருளாயி வீட்டு வாசலில் இலை இல்லை. இருளாயி மரவள்ளிக் காட்டில் இருந்தார். சிப்பாய்கள் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாப்பாவை இழுத்துவந்து லாரியில் ஏற்றினார்கள். போகும்போது வாசலில் ஒரு அரிசி மூட்டையைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஏன் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இருளாயி அந்த மூட்டையைத் தொடவில்லை. மூன்று நாள் அது வாசலிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் மழை வரும்போல் இருந்தது. வீரம்மா முதலில் ஒரு டின் அள்ளினாள், பிறகு லயம் முழுக்க அள்ளியது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு சோறு. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தச் சோறு செரிப்பதற்குள் ஒரு பேச்சு கிளம்பியது. இலையை அவிழ்த்தது இருளாயியேதான், அரிசிக்கு மகளை விற்றுவிட்டாள் என்று. தின்றவர்களுக்கு அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. எனக்கு எல்லாரையும்விட வசதியாக இருந்தது.

இலையை எடுத்தது நான்.

சண்டை முடிந்த பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். லாரி வரும் சத்தம் கேட்டது, எங்கள் வாசலில் இலை இல்லை, பயத்தில் புத்தி கெட்டுப் பாப்பா வீட்டு இலையை எடுத்து எங்கள் வாசலில் கட்டிக்கொண்டேன் என்று. சாமியார் மன்னிப்புக் கொடுத்து மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். வருஷா வருஷம் பெரிய வியாழனுக்கு முன்னால் அதையே வெவ்வேறு சாமியாரிடம் சொன்னேன். எல்லாரும் மன்னித்தார்கள். ஆனால் ஒரு தடவைகூட மனசு லேசானதில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு பாப்பா திரும்பி வந்தாள். இடது காதிலிருந்து தாடை வரைக்கும் ஒரு தழும்பு. பைப்படியில் அவள் வாளியை வைத்தால் மற்றவர்கள் தங்கள் வாளியை எடுத்துக்கொண்டார்கள். "ஜப்பான்காரன் எச்சி" என்றார்கள். அவள் காதில் விழும்படி, "தழும்புகூட இவளுக்கு எடுப்பாத்தான் இருக்கு பாத்தியா" என்றார்கள். அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது? இரண்டு வருஷம் அவள் பட்டது போதாது, அதற்குப் பிறகும் அவள் அழகாக இருந்ததை அவர்களால் பொறுக்க முடியவில்லை. வீரம்மாதான் அவளிடம் சொன்னாள், "ஒங்கம்மாகிட்டப் போயிக் கேளு, அரிசி ருசியா இருந்துச்சான்னு." நான் அங்கேயே வாளியோடு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பாப்பா தோட்டத்தை விட்டுப் போனாள். அதற்குப் பிறகு அம்மா முகத்தில் விழிக்கவே இல்லை.

நான் கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தேன். பாப்பா ஜெலாப்பாங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் மரத்தூள் கூட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் இரண்டு மூன்று தடவை பார்த்தும் இருக்கிறேன். பார்த்ததும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்.

இருளாயி மணிக்கட்டைப் பிடித்த மறுநாள், லீவு போட்டுவிட்டு ஜெலாப்பாங் போனேன். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவிடம் சொல்லிவிட, சாப்பாட்டு மணி அடித்ததும் பாப்பா வெளியே வந்தாள். தலைத்துண்டில், புருவத்தில் எல்லாம் மரத்தூள். ஐம்பத்து மூன்று வயசு. அப்போதும் ஜாகா அவளைத் திரும்பிப் பார்த்தான். எனக்குள் பழைய முள் ஒன்று குத்தியது. என்ன ஜென்மம் நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"பியாட்ரிஸா?" என்றாள். "பஸ்ஸுல என்னயப் பாத்துட்டு எறங்கி ஓடுவியே, இப்ப நீயா வந்திருக்க?"

"ஒங்கம்மா எங்க வார்டுல இருக்காங்க. பத்து நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். "அரிசி தின்னு வளந்த ஒடம்பு, பத்து நாளு தாங்கும்லா. நான் வரல."

"அவங்க அந்த அரிசியத் தொடல, பாப்பா."

"தொட்டா என்னா, தொடாட்டி என்னா? கதவத் தள்ளுனப்ப நான் மேல பாத்தேன். எல இல்ல. காத்துல விழுந்திருந்தா கீழ கெடக்கணும். கீழயும் ஒரு எல இல்ல, கயிறுகூட இல்ல. காலையில அம்மா அதக் கட்டுறத உள்ளேருந்து கேட்டேன். கட்டுன கையத் தவுர வேற எந்தக் கை அவுக்கும்?" சொல்லிக்கொண்டே உள்ளே நடந்தாள். "என்னயக் கட்டிக்கிட்டவன்கூட யாரோ சொன்னதக் கேட்டு ஆறு மாசத்துல விட்டுட்டுப் போயிட்டான். அதெல்லாம் யாரால? நீ போ, பியாட்ரிஸ்."

பஸ்ஸில் திரும்பும்போது, சொல்லிவிட்டேன் அவள் வரவில்லை, என் கடமை முடிந்தது என்று மனசை ஏமாற்றிப் பார்த்தேன். வார்டுக்குப் போனால் இருளாயி கம்பியில் புதிதாக நாலு முடிச்சு போட்டிருந்தார். "இழுத்துப் பாரு தாயி" என்றார். அன்று முதல் தடவையாக இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் அதே மணிக்கு ஜெலாப்பாங்கில் நின்றேன். பாப்பா என்னைப் பார்த்ததும் திரும்பினாள். அவள் முதுகைப் பார்த்தபடியே சொன்னேன்.

"எலைய எடுத்தது நான்."

அவள் நின்றாள்.

"லாரி சத்தம் கேட்டுச்சு. எங்க வாசல்ல எல இல்ல. பயந்துட்டேன். ஒங்க வாசல்ல இருந்தத எடுத்து எங்க வாசல்ல கட்டிட்டேன். சின்னம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது." பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள், தடங்கலே இல்லாமல் வந்தன.

பாப்பா பக்கத்தில் வந்தாள்.  பிறகு மெதுவாகச் சொன்னாள். "லாரி ஒங்க வீட்டத் தாண்டித்தான் போச்சு. நான் பாத்தேன். ஒங்கப்பா வாசல்ல மண்டி போட்டிருந்தாரு. கதவுல சிலுவ மட்டுந்தான் இருந்துச்சு. எல எங்க இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் எந்தச் சாமியாரும் கேட்காத கேள்வி. கேட்க அவர்கள் யாரும் அந்த லாரியில் இல்லை.

"கோவிலுக்குப் பின்னால சாக்கடையில போட்டேன்" என்றேன்.

"லாரி சத்தம் கேட்டப்பவா?"

"இல்ல. காலையிலயே. லாரி வரும்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது, பாப்பா."

"எதுக்கு?"

அதற்கு முந்தின ராத்திரி அப்பா எங்கள் வீட்டில் சொன்ன ஜெபமாலையைப் பாப்பாவின் பாதுகாப்புக்காக என்று சொல்லி ஒப்புக்கொடுத்தார். கரியைப் பூசியும் அந்தப் பிள்ளை முகத்தில் மாதா தெரிகிறாள், ஆண்டவர் காப்பாற்ற வேண்டும் என்றார். இலை இல்லாத வாசலுக்குப் பக்கத்தில் நான் முழங்காலில் நின்றேன். எனக்காக ஒரு வார்த்தை இல்லை. விடிந்து இருளாயி காட்டுக்குக் கிளம்பியதும் போய் எடுத்தேன். வாசலில் இலை இல்லை என்று பார்த்ததும் அவள் ஒரு நாளாவது என்னைப் போலப் பயப்படட்டும் என்று நினைத்தேன். இவ்வளவையும் அந்த வெயிலில் அவளிடம் சொன்னேனா என்று நினைவில்லை. சொன்னது இதுதான் என்று நினைவிருக்கிறது.

"நீ அழகா இருந்த. என்னால தாங்க முடியல."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தாடையைத் தடவிக்கொண்டாள்.

"இத நானே கிழிச்சேன்" என்றாள். "அங்க ஒரு பீங்கான் கோப்ப ஒடஞ்சிருந்துச்சு. மொகம் போயிட்டா விட்டுருவானுங்கன்னு நெனச்சேன். விடல." தலைத்துண்டை அவிழ்த்தபடி, "அப்பக்கூட அம்மாவத்தான் திட்டிக்கிட்டே கிழிச்சேன்" என்றாள். 

வேலைக்கு மணி அடித்தது. அவள் உள்ளே போகவில்லை. தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். நான் நாலடி பின்னாலேயே போனேன். பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் கடைசியில் நின்றேன்.

வார்டில் பார்வையாளர் நேரம். இருளாயி வழக்கம்போல் முடிச்சில் இருந்தார். பாப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.  கடைசியில் கிழவியின் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். கிழவியின் விரல்கள் நெற்றி, மூக்கு என்று இறங்கித் தழும்பில் வந்து நின்றன.

"வந்துட்டியா" என்றார் இருளாயி.

"வந்துட்டேம்மா."

"முடிச்ச நான் சரியாப் போடலடி. அவசரம். காட்டுக்குப் போற அவசரத்துல இறுக்காம விட்டுட்டேன். காத்துல போயிருச்சு. எங்கெங்கயோ தேடுனேன், ஒரு எலகூடக் கெடைக்கல." அவர் கை மறுபடியும் கம்பியைத் தேடியது. "இப்ப நல்லாப் போடுறேன். இழுத்துப் பாரு. இறுக்கமா இருக்கா?"

ஊர் அவரை மகளை விற்றவள் என்றது. அவர் அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. திமிர் என்றார்கள். திமிர் இல்லை. தன் முடிச்சுதான் அவிழ்ந்துவிட்டது என்று முப்பத்தாறு வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லு" என்றாள்.

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"சின்னம்மா, நான் உபதேசியார் மக பியாட்ரிஸ். ஒங்க வாசல் எலைய நான்தான் எடுத்தேன். காத்துல போகல."

"நீயா?"

"நான்தான். முடிச்ச அவுக்கப் பாத்தேன், முடியல. நகம்தான் பேந்துச்சு. ரெண்டு மூணு தடவ பாத்தேன். அப்புறம் இடுப்புல இருந்த பால்வெட்டுக் கத்தியாலதான் கயித்தோட அறுத்து எடுத்தேன். முடிச்சு இறுக்கமாத்தான் இருந்துச்சு, சின்னம்மா."

அவர் கை கம்பியில் அப்படியே நின்றது. என்னைத் திட்டவில்லை. நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டவர் போல மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கேட்டியாடி பாப்பா? இறுக்கமாத்தான் போட்டிருந்தேனாம்."

"ஆமாம்மா. கேட்டேன்."

"அவுக்க முடியலயாம். கத்தி வேண்டியிருந்துச்சாம்."

பாப்பா அம்மாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். கிழவி அவள் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்துப் பாப்பா முகத்தைத் தூக்காமலே என்னிடம் சொன்னாள். "நீ போ. இனிமே இந்தக் கட்டிலுப் பக்கம் வராத."

மிஸ்ஸியிடம் கேட்டு வேறு வார்டுக்கு மாற்றிக்கொண்டேன். இருளாயி பிறகு எட்டு நாள் இருந்தார் என்றும், பாப்பா வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தாள் என்றும், அதற்குப் பிறகு ஒரு முடிச்சுகூடப் போடவில்லை என்றும் பழைய வார்டில் வேலை செய்த எல்ஸி சொன்னாள். பாப்பா என்னை மன்னித்தாளா என்று எல்ஸி கேட்கவில்லை. அன்று அவள் வேலையில் இல்லாததால் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

உடலைக் கொண்டுபோன மறுநாள் எல்ஸி என்னைத் தேடி வந்தாள். "பதினேழாம் கட்டில்ல அந்தப் பாட்டி போட்ட முடிச்சு அவுக்க வரல அக்கா. புது ஆளு வருது. கத்தரி இருக்கா?"

கத்தரி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இல்லை என்றேன். அவளை அனுப்பிவிட்டு நானே போய்த் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நகத்தால் அவிழ்க்க ஆரம்பித்தேன். பதினோரு முடிச்சு இருந்தது. சாயங்காலம்வரை ஆனது.